ஜின்னுக்கு விசா வேண்டாம்

"ஏட்டி சுல்ஃபி, நம்ம ஊருல ஸைஹான்னு ஆராவது உண்டா?"

ஷார்ஜாவிலிருந்து சபீர் இதைக் கேட்டபோது, தேங்காப்பட்டணத்தில் அவன் மனைவி சுல்ஃபியா அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். போனை உப்புப் பரணியில் சாய்த்து வைத்திருந்தாள். கையிலிருந்த சாளை நழுவித் திரும்பவும் சட்டிக்குள் போய்விட்டது.

"ஸைஹானா? அது ஆரு?" என்றாள், குனிந்து மீனைத் தேடியபடி.

"அதத்தான் நானும் கேக்கேன். எனக்க ரூம்ல குளச்சல் அனஸ் உண்டுல்லா, அவனுக்க பொண்டாட்டி நேத்து போன்ல சண்ட போட்டிருக்கா. அதுக்கெடையில, 'ஸைஹானா இருந்தா இப்பிடிப் பேசுவானா'ன்னு ஒரு வார்த்த விட்டுட்டா. அவன் அப்பத்துலேருந்து சோறு தின்னாம கெடக்கான். அவனுக்க தம்பிய விட்டுக் குளச்சல் பூரா தேடச் சொன்னான். ஒரே ஒரு ஸைஹான்தான் கெடச்சான். அவன் தொட்டில்ல கெடக்கான், இன்னும் பல்லு மொளைக்கல."

"அப்போ பிரச்சின இல்லையே."

"இல்லன்னுதான் நெனச்சோம். இன்னிக்கு ரூம்ல கூட இருக்க ஜெப்சனுக்க பொண்டாட்டியும் அதே பேரச் சொல்லுதா. அவ குழித்துறைக்காரி. ஒருத்தன் குளச்சல்லயும் குழித்துறையிலயும் ஒரே சமயத்துல எப்பிடி இருப்பான்?"

"பைக் வச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டு சுல்ஃபியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஸைஹானிடம் பைக் கிடையாது. அது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அவன் புகையில்லாத நெருப்பால் ஆன ஜின். கடற்கரைப் புன்னைமரத்தில் குடியிருப்பவன். பெயரை மூன்று முறை சொல்லி அழைத்தால் அடுத்த நொடி வந்து நிற்பவன். 'புன்னைமரத்து ஜின்' என்ற தொடர்கதையின் நாயகன். போனில் கதை படிக்கிற ஒரு செயலியில் மைவிழி என்ற பெயரில் அந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தவள் சுல்ஃபியா.

சுல்ஃபியா எம்.ஏ. தமிழ் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தினாள். கல்யாணமாகி ஐந்து வருடம் ஓடிவிட்டது. அதில் அவளும் சபீரும் சேர்ந்திருந்தது இரண்டு லீவு. மற்ற நாளெல்லாம் வீட்டில் அவளும் மாமியும்தான்; மாமி என்றால் சபீரின் உம்மா மும்தாஜ் பேகம். சொல்லிக் கொடுத்துப் பழகிய வாய்க்குச் சும்மா இருக்க முடியாது. அதனால் சாயங்காலம் ஆனால் தோழி சஃப்னாவின் தையல் கடையில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அந்தக் கடையில்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. சுரிதார் தைக்க வருகிற பெண்கள் முன்பெல்லாம் டி.வி. சீரியலைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது எல்லோர் கையிலும் போன், எல்லோர் போனிலும் கதை. அதிலும் உயிரோடு இருக்கிற ஆண்பிள்ளைகளுக்கு மவுசு போய்விட்டிருந்தது. செத்துப்போன லெக்சரர் ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்று காதலிக்கிறான். ரத்தம் குடிக்கிற டாக்டர் ஒருவன், காதலியைப் பார்த்ததிலிருந்து தக்காளி சூப்புக்கு மாறிவிட்டான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஓநாயாகிவிடுகிற கம்ப்யூட்டர் என்ஜினியர் கொடைக்கானலில் மேனேஜராக இருக்கிறான். சஃப்னா காஜா தைக்கிற நேரத்தில்கூடக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கதை கொள்ளாம் மக்கா. ஆனா இந்த ஓநாய்க்காரன் நமக்கு ஒத்து வரமாட்டான்" என்றாள் ஒருநாள். "துறைமுகத்து நாய் நாலு சேர்ந்து கொலச்சா ஓடிருவான். நமக்குன்னு ஒருத்தன் வேணும். நீ தமிழ் படிச்சவதானே, ஒண்ணு எழுதேன்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். அஃப்ரா என்று ஒரு பி.எட். மாணவி. அவள் கடற்கரையில் உட்கார்ந்து பாடம் மனப்பாடம் செய்யும்போது, புன்னைமரத்தின் மேலிருந்து ஒரு குரல் அவளுடைய பிழையைத் திருத்துகிறது. அதிலிருந்து காதல். ஸைஹானுக்கு எப்படிப்பட்ட குணம் வைக்கலாம் என்று யோசித்தபோது சுல்ஃபியாவுக்குப் பெரிய பெரிய வீரம் எதுவும் தோன்றவில்லை. அவன் அஃப்ரா பேசும்போது குறுக்கே பேசமாட்டான். வெங்காயத்துக்கு வந்த கண்ணீர் எது, மனசுக்கு வந்த கண்ணீர் எது என்று பார்த்த உடனே சொல்லிவிடுவான். ஜின்களுக்கு எலும்புதான் ஆகாரம் என்று சின்ன வயதில் கேட்டிருந்ததால், சாப்பாட்டு நேரத்தில் அவன் மீனை முழுவதும் அஃப்ராவுக்கு விட்டுக்கொடுத்து முள்ளை மட்டும் தின்பான் என்று எழுதினாள்.

அந்த மீன்முள் அத்தியாயத்தோடு கதை பற்றிக்கொண்டது. கொல்லங்கோட்டிலிருந்து கோட்டாறு வரைக்கும் பெண்கள் படித்தார்கள். மதுரையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும்கூடக் கருத்து எழுதினார்கள். 'முள்ளை அவன் தின்பானாம். எங்க வீட்டில் நடுத்துண்டம் யாருக்குப் போகுதுன்னு எனக்குத்தான் தெரியும்' என்று ஒருத்தி எழுதிய கருத்துக்கு மட்டும் அத்தனை பேர் இதயம் போட்டிருந்தார்கள். 'அவனுக்கு ஆதார் உண்டா, கல்யாணத்தை எப்படிப் பதிவு செய்வீர்கள்?' என்று இன்னொருத்தி கவலைப்பட்டிருந்தாள்.

ஸைஹான் யார் என்பது ஷார்ஜா அறைக்கு இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. சபீர் மறுபடியும் கூப்பிட்டான். நிம்மதியும் எரிச்சலும் கலந்த முகம்.

"அது ஒரு ஜின்னாம் பிள்ள. கதையில உள்ள ஜின்னு. எவளோ மைவிழின்னு ஒருத்தி எழுதுதா. நீயும் இதெல்லாம் வாசிப்பியா?"

"நான் எங்க வாசிக்கேன்" என்றாள் சுல்ஃபியா. அது உண்மைதான். எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

அந்த உண்மைக்கும் சீக்கிரமே கேடு வந்தது. சஃப்னாவின் கடையில் அந்தக் கதைப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்த மும்தாஜ் பேகம், தனக்குக் கண்ணாடி போட்டாலும் போன் எழுத்து தெரியவில்லை என்றும், சாப்பாடு முடிந்ததும் மருமகள் அந்த ஜின் கதையை வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். சுல்ஃபியா தன் கதையைத் தானே யாரோ எழுதியதைப் போல வாசிக்க வேண்டியதாயிற்று. புன்னைமரத்தடிச் சந்திப்பு வந்தபோது அவளுக்குக் காதெல்லாம் சூடாகி, நாலைந்து பத்தியைத் தாண்டி, "பிறகு அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்" என்று முடித்தாள்.

"என்ன பேசுனாங்க?" என்றாள் மாமி.

"பொதுவா பேசுனாங்க மாமி."

"பொதுவா பேசுறதுக்கா அவன் மரத்துலேருந்து எறங்கி வந்தான்? ஒழுங்கா வாசி மோளே."

ஒழுங்காக வாசித்தாள். கதையில் அஃப்ராவைப் பாடாய்ப் படுத்துகிற ஒரு மாமி உண்டு. மீன்சட்டியின் மூடியைத் திறந்து துண்டம் எத்தனை இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொழப் போவாள். அந்த இடம் வந்தபோது சுல்ஃபியா வேகவேகமாக வாசித்தாள். மும்தாஜ் பேகம் தொடையில் தட்டிச் சிரித்தாள்.

"இவள எனக்குத் தெரியும். உனக்க மாமாவுக்க தங்கச்சி இருக்காளே, அச்சு அசல் அவளேதான். இந்தப் பிள்ள அவள எங்க பாத்திச்சோ" என்றாள். பிறகு எழுந்து அடுக்களைக்குப் போய், மீன்சட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து படுத்தாள்.

அதே வாரம் கதையின் கீழே நீளமாக ஒரு கருத்து வந்தது.

'மரியாதைக்குரிய சகோதரி மைவிழி அவர்களுக்கு. நாங்கள் ஷார்ஜாவில் ஒரே அறையில் வசிக்கும் குமரி மாவட்டத்துக் கணவர்கள். தங்கள் ஜின் மிக நல்லவன் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவனுக்கு விசா வேண்டாம். கம்பெனி கிடையாது. ஓவர்டைம் கிடையாது. மூன்று முறை அழைத்தால் வந்து நிற்கிறான். எங்களை எங்கள் வீட்டார் எத்தனை முறை அழைத்தாலும், எங்கள் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. வர மனம் இல்லாமல் இங்கே யாரும் இருக்கவில்லை. இதைக் கருத்தில் கொண்டு தங்கள் ஜின்னுக்கு ஏதேனும் ஒரு குறையாவது வைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். வழுக்கை என்றாலும் போதும். இப்படிக்கு, அறை நண்பர்கள் சார்பாக, சபீர், தேங்காப்பட்டணம்.'

சுல்ஃபியா முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். தன்னைக் கட்டியவன் தன்னையே மரியாதைக்குரிய சகோதரி என்று எழுதியிருக்கிறான். 'ஓகே', 'ம்', கட்டைவிரல் படம் ஆகிய மூன்றைத் தவிர அவன் எதையும் எழுதி அவள் பார்த்ததில்லை. இவ்வளவு தமிழ் அவனுக்குள் இருந்தது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். இரண்டாம் முறை வாசித்தபோது பாஸ்போர்ட் வரியில் சிரிப்பு நின்றது. லீவு ஏன் தள்ளிப்போகிறது என்று அவள் கேட்கும்போதெல்லாம், "இஞ்ச வேல கூடுதல் பிள்ள" என்று மட்டும்தான் அவன் சொல்லியிருக்கிறான். பூட்டின அலமாரியைப் பற்றி அவளிடம் சொன்னதில்லை. ஊர் பேர் தெரியாத மைவிழியிடம் சொல்லியிருக்கிறான்.

அவள் அடுத்த அத்தியாயத்தை உட்கார்ந்த இருப்பில் எழுதினாள். ஜின்களின் ராஜா ஆள் அனுப்புகிறான். நடுப் பாலைவனத்தில் ஏழு கோபுர மாளிகை கட்ட வேண்டும், கட்டி முடியும் வரை யார் அழைத்தாலும் போகக் கூடாது. ஸைஹான் போகிறான். அஃப்ரா புன்னைமரத்தடியில் நின்று மூன்று முறை கூப்பிடுகிறாள். மரத்தில் காற்று மட்டும்தான் இருக்கிறது.

மறுநாள் சஃப்னா கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்னட்டி செஞ்சு வச்சிருக்க? கடைக்கு வாறவ எல்லாம் மூக்கச் சீந்திட்டு வாறா. ஒருத்தி விம்மி விம்மி அழுததுல சுற்றளவு ரெண்டு இஞ்சு கூடுதலா எடுத்துட்டேன்."

கருத்துகளில் தீப்பறந்தது. 'ஜின் ராஜாவின் நம்பர் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்' என்றாள் ஒருத்தி. 'மைவிழி, உன் வீட்டு விலாசம் மட்டும் சொல்' என்றாள் இன்னொருத்தி. மும்தாஜ் பேகம் மத்தியானச் சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு, அந்தப் பிள்ளைக்குக் கல்மனசு என்றாள். கூடவே, "எனக்க மோனும் இப்பிடித்தானே அங்க கெடக்கான்" என்றும் சொன்னாள்.

ஆனால் ஆண்கள் படிக்க ஆரம்பித்தார்கள். ஷார்ஜாவில் ஜெப்சன் கட்டிலில் ஏறி உட்கார்ந்து உரக்க வாசிக்க, மற்றவர்கள் வேலை உடுப்போடு சுற்றியிருந்து கேட்டார்கள் என்று சபீரே சொன்னான். "அந்தப் பயலுக்கும் நம்ம கதிதான்" என்று அனஸ் கண்ணைத் துடைத்தானாம். பக்கத்து அறைக்காரர்களும் வந்ததால் இடம் போதாமல் வராந்தாவில் வைத்து வாசிக்க வேண்டியதாயிற்றாம்.

அடுத்த அத்தியாயத்தில்தான் வினை பிறந்தது. பாலைவனத்தில் ஸைஹானுக்கு ஒரு தண்ணீர்ப் பாத்திரம் கிடைக்கிறது. அதில் முகம் பார்த்தால் அஃப்ராவின் கிணற்றில் தெரியும். காற்றடித்துத் தண்ணீர் ஆடினால் படம் அப்படியே நின்றுவிடும். "தின்னாச்சா?" என்று அவள் கேட்கிறாள். "நெய்மீன் பொரிச்சது" என்கிறான் ஸைஹான். அவனுக்குப் பின்னால் தட்டில் காய்ந்த ரொட்டியும் நீர்த்த பருப்பும் கிடப்பது அவளுக்குத் தெரிகிறது. அவள் அதைக் காட்டிக்கொள்ளாமல், "முள்ளு பாத்துத் தின்னுங்க" என்கிறாள்.

இதை ஜெப்சன் ஷார்ஜா வராந்தாவில் வாசித்து முடித்தான். உடனே அனஸ் எழுந்து, "மைவிழி எனக்க பொண்டாட்டிதான்" என்றான். தான் தினமும் நெய்மீன் என்றுதான் சொல்வதாகவும், இது வேறு யாருக்கும் தெரிய வழியில்லை என்றும் விளக்கினான். ஜெப்சன் புத்தகம் மூடுவதைப் போலப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தானும் நெய்மீன் என்றுதான் சொல்வதாகவும், எழுதுவது தன் மனைவி என்றும் சொன்னான். பக்கத்து அறைக்காரன் தான் கோழி என்று சொல்வது வழக்கம் என்றும், தன் மனைவிதான் ரகசியம் காக்க அதை மீனாக மாற்றி எழுதிவிட்டாள் என்றும் வாதாடினான். ஊரிலிருந்து வந்த அத்தனை ஆண்பிள்ளைகளும் ஒரே பொய்யைச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கே தெரிந்தது.

அதன் விளைவு ஊரில் தெரிந்தது. கணவன்மார் எல்லோரும் திடீரென்று ஜாக்கிரதையானார்கள். நாளைக்கு எழுத்தில் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பேசினார்கள். தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பதில் முடியும் வரை காத்திருந்தார்கள். கடைசியில் தயங்கித் தயங்கி, "நீதானா அந்த மைவிழி?" என்று கேட்டார்கள். பெண்கள் ஒரு கணம் யோசித்தார்கள். யோசித்துவிட்டு ஒருத்தியும் இல்லையென்று சொல்லவில்லை.

"எனக்க கடைக்கு மட்டும் இந்த வாரத்துல பதினோரு மைவிழி வந்துட்டுப் போயாச்சு" என்றாள் சஃப்னா. பிறகு ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எங்க வீட்டு ஆளும் மஸ்கட்லேருந்து கேட்டாரு. நானும் ஆமான்னுட்டேன்" என்றாள்.

"ஏட்டி, நீயுமா?"

"பின்ன என்ன செய்ய? கல்யாணமாகி மொத மொதலா எனக்க முட்டுவலியப் பத்திக் கேட்டாரு. எப்பிடி இல்லன்னு சொல்லுவேன்?"

சுல்ஃபியாவின் முறையும் வந்தது. சபீர் சுற்றி வளைத்து, காலநிலையைப் பேசி, உம்மாவின் பிரஷரைப் பேசி, கடைசியில் கேட்டான். ஒளித்து ஒளித்து அலுத்துப் போயிருந்தாள்.

"ஆமா மச்சான். நான்தான் மைவிழி."

சபீர் சிரித்தான். "நீயுமா? ஜெப்சனுக்க பொண்டாட்டியும் இதத்தான் சொன்னா. அனஸுக்க பொண்டாட்டிக்குத் தமிழ் தட்டவே தெரியாது, வாய்ஸ் மெசேஜ்தான், அவளும் ஆமாங்கா. சரி சரி, இருக்கட்டும்."

மைவிழியாக இல்லாத அத்தனை பேரையும் அவரவர் கணவன் நம்பியிருந்தான். மைவிழியை மட்டும் அவள் கணவன் நம்பவில்லை. சுல்ஃபியா வந்த கோபத்தில் அழைப்பைத் துண்டித்து, போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். அது அரிசிக்குள் கிடந்து விர்விர்ரென்று துடித்தது. கடைசியில் மும்தாஜ் பேகம் போய் எடுத்து, அரிசியைத் தட்டிவிட்டு மருமகள் கையில் கொடுத்தாள்.

"எம்.ஏ. தமிழ் ஆரு படிச்சா? நான் படிச்சேனா, அனஸுக்க பொண்டாட்டி படிச்சாளா?" என்றாள் சுல்ஃபியா எடுத்த எடுப்பில்.

மறுபக்கம் சபீர் கொஞ்சம் அரண்டுபோனான். "சரி, கோவப்படாத. நீதான்னா ஒண்ணு செய். அடுத்த தடவ அந்தப் பாலைவனத்துல ஒரு மொட்டத்தலைச் சமையல்காரனக் கொண்டு வா. பருப்புக்கு ரெண்டு தடவ உப்பு போடுறவன். அப்போ நான் நம்புதேன்."

இரண்டு நாள் கழித்து வந்த அத்தியாயத்தில் மாளிகை கட்டும் ஜின்களுக்குச் சமைத்துப் போட ஒரு கிழட்டு ஜின் இருந்தான். பருப்பில் உப்பைப் போட்டுவிட்டு, போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் மறுபடியும் போடுவான். அவன் தலையைப் பார்த்து நிலா உதித்துவிட்டது என்று நினைத்து ஒட்டகங்கள் வழிமாறிப் போகும்.

ஷார்ஜா வராந்தாவில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்றாம். அறைக்குச் சமைப்பவன் அனஸ். அவன் தலையில் முடி நின்ற காலம் அவனுக்கே நினைவில்லை. முதலில் முறைத்தான், பிறகு தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான், கடைசியில் அந்தச் சமையல்காரனுக்குக் கதையில் இன்னும் கொஞ்சம் வேலை கொடுக்கச் சொல்ல முடியுமா என்று சபீரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்.

அன்றைக்கே சபீர் கூப்பிட்டான். திரையில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீதானா" என்றான் ஒருவழியாக.

"நான்தான்."

"அந்த பாஸ்போர்ட் விஷயம் நான் எழுதுனது..."

"வாசிச்சேன்."

"அந்த நெய்மீன்?"

"உங்களுக்குப் பின்னால செவுத்துல ஒரு கண்ணாடி தொங்குது மச்சான். அதுல உங்க தட்டு தெரியும்."

சபீர் திரும்பிப் பார்த்தான். ஆணியில் தொங்கிய சட்டைக்குப் பக்கத்தில், சீப்பு செருகிய சின்னக் கண்ணாடி.

"எவ்வளவு காலமா?"

"அங்க போன நாள்லேருந்து."

அவன் எழுந்து போய்க் கண்ணாடியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, மறுபடியும் சரியாகவே மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். "இன்னிக்கும் பருப்புதான்" என்றான். "உப்பு கூடுதல்."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை. அவன் அதைக் கவனித்தான் என்பது அவன் குனிந்துகொண்டதில் தெரிந்தது.

கதை அதோடு நின்றுபோனது. ஸைஹானைத் திரும்பக் கொண்டுவர அவளுக்கு வழி தெரியவில்லை. வாசகிகள் கெஞ்சினார்கள், திட்டினார்கள். ஷார்ஜாவிலிருந்து ஆள்மாற்றி ஆள் சபீரின் போனில் வந்து கேட்டார்கள்.

"எப்ப தங்கச்சி, ஜின்னு வீட்டுக்கு வருவான்?" என்றான் ஜெப்சன்.

"எனக்குத் தெரியலண்ணே. லீவு எப்பிடிக் கெடைக்கும்னு தெரிஞ்சாத்தானே எழுதலாம். கடசி லீவுக்குப் பொறவு நான் லீவு கெடச்சுப் பாத்ததில்ல, தள்ளிப்போய்த்தான் பாத்திருக்கேன்."

இதை ஜெப்சன் அறையில் சொல்ல, அறை அதை ஃபோர்மேன் குமாரதாஸிடம் கொண்டுபோனது. குமாரதாஸ் இரணியல்காரர். கண்டிப்பானவர். சபீரின் லீவு விண்ணப்பத்தைத் தள்ளித் தள்ளி வைத்தவரும் அவர்தான். கதை, ஜின், வெங்காயம் என்று இவர்கள் உளறியதைக் கேட்டு முதலில் விரட்டத்தான் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் புன்னமரத்து ஜின்னா?" என்று கேட்டார். அவருடைய மனைவி அந்த ஜின் வீடு திரும்பும் வரை தன்னிடம் ஆம், இல்லை தவிர வேறு எதுவும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தாளாம். எழுதுகிறவளின் கணவன் தன் கீழே வேலை செய்கிறான் என்று தெரிந்ததும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வாரமே சபீரின் லீவுக்குக் கையெழுத்தாகி, பாஸ்போர்ட் அலமாரியை விட்டு வெளியே வந்தது. கையில் கொடுக்கும்போது, "கத முடியுறது வரைக்கும் திரும்பி வராண்டாம்" என்று சொன்னார் என்பதை சபீர் ஊரில் பலரிடம் பெருமையாகச் சொன்னான்.

திருவனந்தபுரத்தில் இறங்கி வந்தவனைப் பார்க்கத் தெருப் பெண்கள் ஒவ்வொரு சாக்காக வந்து போனார்கள். விஷயம் அதற்குள் கசிந்திருந்தது. ஸைஹானை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, லுங்கி கட்டி, தொப்பையோடு, வாயைத் திறந்து தூங்குகிற ஒருவன் காணக் கிடைத்தான். "புகையில்லாத நெருப்புன்னு எழுதியிருந்தா. குறட்டையப் பத்தி எழுதல" என்று சஃப்னா சொன்னாள்.

மும்தாஜ் பேகத்துக்கு மகனே வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவள் மருமகளை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ அந்த மாமிக்காரி?"

"அது கற்பன மாமி. மாமாவுக்க தங்கச்சிய நெனச்சு..."

"ம். நான் சொன்னேன்லா" என்றாள் மும்தாஜ் பேகம். அன்று இரவு மீன்சட்டியின் மூடியை அவள் திறக்கவில்லை. நடுத்துண்டம் ஒன்றை எடுத்து மருமகள் தட்டில் வைக்கும்படி மகனிடம் சொன்னாள்.

ஜின்னும் வீட்டுக்கு வந்தான். சபீர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் அவளுக்குத் தலைவலி என்று சொல்லித் திருப்பி அனுப்ப, அவள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். பாலைவனத்திலிருந்து வந்த ஸைஹான் இளைத்திருந்தான். அவன் நடந்த இடமெல்லாம் மணல் உதிர்ந்தது. அஃப்ரா கூட்டிக் கூட்டி அலுத்தாள். பக்கத்தில் அவள் இருக்கிறாளா என்று அவன் தூக்கத்தில் அடிக்கடி கையால் துழாவிப் பார்த்தான். அந்த அத்தியாயத்துக்கு வந்த கருத்துகளைப் படித்து முடிக்க அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்து மூன்று நாளாயிற்று.

லீவு முடிய இன்னும் நாள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபீர் தன் மச்சினனின் பைக்கை வாங்கி, அவளை ஏற்றிக்கொண்டு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனான். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த கருப்புத் தரையில் நடந்தார்கள். கூட்டம் முன்னால் போய்விட்டது. இருட்டான ஒரு மரப் படிக்கட்டின் அடியில் சுல்ஃபியா நின்றுவிட்டாள். மேலே பலகை ஒன்று யாரோ மிதித்ததைப் போல முனகியது.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பக்கத்தில் நின்ற காவலாளியிடம், இந்த அரண்மனையில் சமையலுக்கு, கணக்குக்கு, கடிகாரம் பார்க்க எல்லாம் தனித்தனி ஆட்கள் இருந்திருப்பார்கள் அல்லவா என்று கேட்டாள். அவர் இருந்திருப்பார்கள் என்றார்.

அது அடுத்த கதைக்கு ஆள் தேடுகிற முகம் என்று சபீர் கண்டுகொண்டான்.

"வேண்டாம் சுல்ஃபி. ஒருத்தன வச்சுகிட்டே நாங்க பட்டது போதும்."

"நான் ஒண்ணும் சொல்லலையே மச்சான்."

"நீ சொல்லாண்டாம். எனக்கு மனசிலாச்சு."

அவள் ஒரு கையால் கைப்பிடியைத் தடவியபடி படியேறினாள். அவன் பின்னாலேயே ஏறினான். பாதிப் படியில் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"அவன் கணக்குப்பிள்ளையா, கடிகாரக்காரனா?" என்று கேட்டான்.